பனிக்கால ரொறன்ரோவைப் படம் எடுப்பது: நீங்கள் கேட்டவை, நான் சொன்னவை

ரொறன்ரோவில் எனக்கு இது 22ஆவது பனிக்காலம். என் தொழில் வேறு. வேலை முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் கமராவைத் தூக்குவேன். வீதி, பஸ் தரிப்பு, கடைவாசல், அங்கே குளிருக்குள் நடமாடும் சனம், இவைதான் நான் எடுப்பவை. இவற்றைப் பற்றி எதையும் கேளுங்கள் என்றேன். ரொறன்ரோவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள மார்க்கம், பிரம்ரன் போன்ற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை.

மார்க்கத்திலிருந்து: நேற்றுக் கொட்டிய பனி கண்ணுக்குப் பளீரென்று வெள்ளை. படத்தில் சாம்பல் நிறம். கமரா பழுதா அண்ணா?

பழுதில்லை தம்பி. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குத் தான் பார்ப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பார்க்கும் இடமெல்லாம் பனி என்றால், வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணிக் குறைத்துவிடும். கரிக்குவியலைக் காட்டினால் அதையும் இதே கமரா சாம்பலாக்கும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பில் நீங்கள்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். மேகமூட்டமான நாளில் +1. வெயில் பட்டுப் பனி மினுங்கும் நாளில் +1.7, சிலவேளை +2. எடுத்த பிறகு ஹிஸ்ரோகிராமைப் பாருங்கள், அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் மேடாகக் காட்டும் வரைபை. மேடு வலப்பக்கச் சுவருக்குக் கிட்டப் போக வேண்டும், சுவரில் மோதக் கூடாது. மோதினால் பனியின் மணல்மணலான தன்மை போய் வெறும் கடதாசி போலாகிவிடும். போன் என்றால் திரையில் பனியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள்.

இன்னொன்று. வெயில் நாளில் பனி மேல் விழும் நிழல் நீலமாக வரும். அந்த நிழலுக்குள் வருவது வானத்தின் ஒளிதான், அதனால் அந்த நிறம். அதைத் திருத்தி அழித்துவிடாதீர்கள். குளிர் என்று படம் சொல்வதே அந்த நீலத்தால்தான்.

பிரம்ரனிலிருந்து: எந்தக் கமரா வாங்கலாம்?

கையில் இருப்பதே போதும். மிச்சக் காசுக்கு நல்ல சப்பாத்தும், விரல் நுனி திறக்கும் கையுறையும் வாங்குங்கள். கால் விறைத்தவர் இருபது நிமிடத்தில் வீடு திரும்பிவிடுவார்.

ஸ்காபரோவிலிருந்து: பற்றரி 60 வீதம் காட்டுகிறது, திடீரென்று அணைந்துவிடுகிறது. புதிது வாங்க வேண்டுமா?

வேண்டாம். லித்தியம் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன வேலை குளிரில் மந்தமாகிவிடும். அது செத்துப்போகவில்லை. உடம்போடு ஒட்டிய உள்பையில் பத்து நிமிடம் வைத்தால் மறுபடி உயிர் வரும். இரண்டு பற்றரி வைத்துக்கொண்டு மாறி மாறிப் பாவியுங்கள்.

பற்றரியைவிட முக்கியமான ஒன்றை எல்லோருக்கும் சொல்கிறேன். குளிரில் இருந்த கமராவை அப்படியே சூடான வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகும், லென்ஸுக்கு உள்ளேயும் படியும். என் முதல் பனிக்காலத்திலேயே ஒரு லென்ஸை இப்படி இழந்தேன். வெளியில் நிற்கும்போதே படங்கள் பதிந்த கார்டைக் கழற்றி எடுங்கள். கமராவை ஸிப் பையில் போட்டுக் காற்றை அமத்தி வெளியேற்றி மூடுங்கள். பிறகு உள்ளே போய், ஒன்றிரண்டு மணித்தியாலம் பையைத் திறக்காதீர்கள். ஈரம் பைக்கு வெளியே படியும், துடைத்துவிடலாம்.

ஏஜாக்ஸிலிருந்து: பனிக்காலப் படத்துக்கு நகரத்தில் எங்கே போகலாம்? எல்லோரும் எடுக்கும் இடங்கள் அலுத்துவிட்டன.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதலில் நேரத்தைச் சொல்கிறேன். டிசம்பர் நடுப்பகுதியில் இங்கே சூரியன் 4.40 மணியளவில் மறைந்துவிடும். அதன் பிறகு அரைமணி நேரம் வானம் கடும் நீலம், கடை விளக்குகள் மஞ்சள், பனி இரண்டையும் வாங்கிக்கொள்ளும். வேலை விட்டு சனம் வீடு போவதும் அதையொட்டித்தான். கோடையில் இந்த ஒளி வர இரவு ஒன்பது மணி தாண்டும், அப்போது வீதியில் இந்த அவசரம் இருக்காது.

ஸ்படைனா அவெனியூவில் 510ஆம் இலக்க ஸ்ட்ரீட்கார் வரும் வழியில் சைனாரவுண் மரக்கறிக் கடைகளுக்கு முன் நில்லுங்கள். சிவப்பு வண்டி, வெள்ளை வீதி, பெட்டி பெட்டியாகத் தோடம்பழம். நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஐஸில் சறுக்குபவர்களை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் ஓரத்து வாங்கில் இருந்து சப்பாத்துக் கயிறு கட்டுபவர்களைப் பாருங்கள். தகப்பன் முழந்தாளிட்டு மகளின் காலை மடியில் வைத்துக் கயிறு இழுக்கும் காட்சி ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவையாவது வரும்.

ஆனால் என் நல்ல படங்கள் எல்லாம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எடுத்தவை. ஸ்காபரோவின் 3ஆம் இலக்க ரயிலைப் பல வருடம் எடுத்தேன். 1985இல் ஓடத் தொடங்கிய சின்ன வண்டி. பனி கடுமையானால் நின்றுவிடும், சனம் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடும். 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டது, அதோடு அந்தப் பாதையே மூடப்பட்டுவிட்டது. நான் சாதாரணம் என்று எடுத்த காலைநேரக் கூட்டம் இனி வராது. 2022 ஜனவரி 17ஆம் தேதிப் பனிப்புயலில் டொன்வலி பெருஞ்சாலையையே மூடினார்கள். எங்கள் ஒழுங்கையில் அதுவரை ஒருவரோடொருவர் கதைக்காத ஆறு வீட்டுக்காரர் ஒரு காரைத் தள்ளினார்கள். அந்தப் படத்துக்கு நான் எங்கும் போகவில்லை, வாசலில் நின்றேன்.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் அல்பிரெட் ஸ்ரீக்லிஸ் 1893 பெப்ரவரி 22ஆம் தேதி நியூயோர்க் ஐந்தாவது அவெனியூவில் பனிப்புயலுக்குள் மூன்று மணி நேரம் காத்து நின்று ஒரு குதிரைவண்டியை எடுத்தார். நாம் பஸ் தரிப்பில் பதினைந்து நிமிடம் நிற்கலாம்.

அதே ஏஜாக்ஸ் நண்பர்: ஸ்காபரோ மலைமுகடு?

அழகுதான். ஆனால் விளிம்புக்குப் போகாதீர்கள். பனி மூடினால் நிலம் எங்கே முடிகிறது என்று தெரியாது, அந்த மண்ணும் இடிந்து விழும் மண். கீழே ஏரிக்கரை ஐஸிலும் ஏறாதீர்கள்.

மிசிசாகாவிலிருந்து: பனி சாம்பலாக வருகிறதே, ஏன்?

முதல் பதில்.

ஓக்விலிலிருந்து: விழும் பனி படத்தில் தெரியவே இல்லை.

பின்னணி வெள்ளையாக இருந்தால் தெரியாது. செங்கல் சுவர், திறந்த கடைவாசல், கறுப்புக் குடை என்று இருட்டான ஒன்றை முன்வைத்து எடுங்கள். ஷட்டர் ஒரு செக்கனின் 1/500 பங்கு மட்டும் திறந்தால் பனி பொட்டுப் பொட்டாக நிற்கும், 1/60 பங்கு திறந்தால் கோடாக இழுபடும். எனக்குக் கோடுதான் விருப்பம், காற்று எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

விற்பியிலிருந்து: வெள்ளை ஆந்தை எடுக்க எந்த லென்ஸ்?

பறவை எடுப்பவர்களிடம் கேளுங்கள்.

ரொறன்ரோ நகர்மையத்திலிருந்து: யூனிவர்சிற்றி அவெனியூவில் சப்வேயின் சூட்டுக்காற்று வரும் கம்பிமூடி மேல் ஒருவர் போர்த்துப் படுத்திருந்தார். சுற்றிலும் பனி, அவரைச் சுற்றி ஆவி. கறுப்பு வெள்ளையில் எடுத்தேன், என் வாழ்நாளின் சிறந்த படம். சட்டப்படி பிரச்சினை இல்லைத்தானே?

ஒன்ராரியோவில் பொதுவீதியில் ஒருவரைப் படம் எடுப்பது குற்றம் இல்லை. கியூபெக்கில் கவனம். மொன்றியலில் வாசற்படியில் இருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் சஞ்சிகையில் போட்டதற்கு, 1998இல் உச்ச நீதிமன்றம் 2,000 டொலர் இழப்பீட்டை உறுதிசெய்தது.

ஆனால் சட்டத்தோடு நிறுத்த என்னால் முடியவில்லை. அந்த மனிதருக்குக் கதவு இல்லை. நீங்கள் நின்றது அவருடைய படுக்கையறை. அப்படி ஒரு படம் நானும் எடுத்தேன், சின்னக் கண்காட்சி ஒன்றில் தொங்கவிட்டேன். வந்த ஒரு அம்மா "இவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்றே கழற்றினேன். அந்தக் குளிரில் ஒருவர் அசையாமல் கிடந்தால் முதலில் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் இல்லை என்றால் அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிடுங்கள். படம் அதற்குப் பிறகு.

மார்க்கத்திலிருந்து இன்னொருவர்: இதை நான் ஏற்கவில்லை. யாரோ கேட்காமல் எடுத்த படங்களால்தான் ஈழப் போரில் எங்கள் சனம் பட்ட பாடு உலகத்துக்குத் தெரிந்தது. பெயர் கேட்டுக்கொண்டா எடுத்தார்கள்?

நியாயமான கேள்வி. அந்தப் படங்கள் வேண்டும், அவற்றை எடுத்தவர்களுக்கு நான் கடமைப்பட்டவன். அவர்கள் அந்தச் சனத்தோடு நடந்தார்கள், ஒரு சேதியைச் சொல்ல எடுத்தார்கள். ஆவி அழகாக இருக்கிறது என்று எடுப்பது வேறு.

மார்க்கம்: அழகில்லாத படத்தை யார் நின்று பார்ப்பார்? அழகுதானே பார்க்க வைக்கிறது.

அதுவும் உண்மைதான். அப்படியென்றால் திரும்பிப் போங்கள். ஒரு கோப்பியோடு போங்கள், கதையுங்கள், பத்து நாள் போங்கள். அவர் சம்மதித்தால் எடுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா: 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நானும் அம்மாவும் மழைக்குள் நடந்து வந்ததை யாரோ எடுத்திருக்கிறார். வருடங்கள் கழித்து ஒரு கலண்டரில் கண்டேன். அம்மா அழுதுகொண்டிருக்கிறார். எங்களை யாரும் கேட்கவில்லை, எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மாவின் அந்தக் கால முகம் என்னிடம் வேறு எதிலும் இல்லை. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா, இதற்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. நான் மேலே எழுதியதை மாற்றமாட்டேன். ஆனால் என் பெட்டியில் கிடக்கும் அந்தப் படத்தை அழிக்க இருந்தேன், இப்போது அழிக்கவில்லை. அந்த மனிதரைத் தேடும் யாரோ ஒருவர் இருக்கலாம்.

பிக்கரிங்கிலிருந்து: இதெல்லாம் சரி, எந்தக் கமரா நல்லது?

கையில் இருப்பது. இதைக் கேட்க இருந்த மற்றவர்களுக்கும் அதே பதில்.

நோர்த் யோர்க்கிலிருந்து: நேற்று வீட்டுக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க நீராவி படிந்து மங்கிவிட்டது. துணியால் துடைத்தேன், போகவில்லை.

மேலே எழுதியதை வாசித்திருந்தால் இது நடந்திராது. பை, பை, பை! இனித் துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதீர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு அறைச்சூட்டில் ஒரு நாள் விடுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா: தம்பி, எனக்கு 71 வயது, கையில் போன் மட்டும்தான். தைப்பொங்கலுக்கு கராஜ் வாசலில் பொங்குகிறோம். ஊரில் இருக்கும் தங்கச்சிக்குப் படம் அனுப்ப வேணும். போன வருசம் எல்லாம் இருட்டாய் வந்தது.

அம்மா, வெளியே பனி வெளிச்சமாக இருந்ததால் போன் உள்ளே இருந்த உங்களை இருட்டாக்கிவிட்டது. பானையை வாசலோரம் வையுங்கள். வெளிப்பனி ஒரு பெரிய வெள்ளைத் துணி போல, முகங்களுக்கு மெதுவான வெளிச்சம் அடிக்கும். நீங்கள் வாசலுக்கு ஒரு பக்கமாக நில்லுங்கள், அப்போது பானைக்குப் பின்னால் கராஜின் இருட்டு வரும், பக்கத்து வெளிச்சத்தில் ஆவி வெள்ளையாக எழும்பும். திரையில் பேரப்பிள்ளையின் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள்.

கராஜ் கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும், அடுப்புப் புகையை உள்ளே அடைக்கக் கூடாது. பால் பொங்கி வழிவது ஒரு கணம்தான். நுரை கழுத்துக்கு வரும்போதே எடுக்கத் தொடங்குங்கள், பொத்தானை விடாமல் பத்து இருபது எடுங்கள். அதுவரை போனை ஜக்கெற்றுக்கு உள்ளே வைத்திருங்கள், குளிரில் அணைந்துவிடும்.

முற்றத்துப் பனியில் கோலம் போட்டால் அதையும் ஒன்று எடுத்து அனுப்புங்கள். வெள்ளை மா தெரியாது, மஞ்சளும் குங்குமமும் கலந்து போடுங்கள்.