கேஸ் மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெஞ்செரிச்சல்தான். சிலர் 'அல்சர்' என்கிறார்கள், சிலர் 'கேஸ்' என்கிறார்கள். எழுதியிருக்கும் தொந்தரவோ பெரும்பாலும் ஒன்றே: இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவது.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் குனிந்து உட்கார்ந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. மெடிக்கலில் கேட்டு பேன்டோபிரசோல் 40 மி.கி. வாங்கி ஆறு மாதமாகப் போடுகிறேன். எரியும்போது போட்டால் கேட்பதே இல்லை.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

மாத்திரை சரி, நேரம்தான் தப்பு. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் உண்டு. சாப்பாடு உள்ளே போனதும் அவை ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற பம்பை மட்டுமே இந்த மாத்திரை பூட்டும். ரத்தத்தில் இது தங்குவதே ஓரிரு மணி நேரம்தான். எரிந்த பிறகு போட்டால் அமிலம் ஏற்கெனவே சுரந்து முடிந்திருக்கும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டிபன். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும்.

இப்படி ஒழுங்காக 8 வாரம் போட்டும் அடங்காவிட்டால் டாக்டரைப் பார்ப்பதுதான் முறை, மெடிக்கலில் இன்னொரு அட்டை வாங்குவதல்ல. அந்த நேரத்து எரிச்சலுக்கு ஆன்டாசிட் (சுரந்த அமிலத்தை முறிக்கும் திரவ மருந்து) 10 மி.லி. போதும், சில நிமிடத்தில் கேட்கும். தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் ஆன்டாசிடுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இனி, குனிந்து உட்காருவது. நிறைந்த வயிறு மடிந்து அழுந்தும்போது, உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத் தசை அந்த அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுக்கொடுக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு எடை போடுவது, பாலீஷ், கணக்கு என்று நிமிர்ந்து செய்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பற்றவைப்பைப் பிறகு பார்க்கலாம். பெல்ட்டையும் ஒரு ஓட்டை தளர்த்துங்கள்.

காபித் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு காபியை விடச் சொல்கிறார்கள். விட்டே ஆக வேண்டுமா? ராத்திரி படுத்ததும்தான் அதிகம்.
– வாசகி, நாகலூர், ஏற்காடு

சேர்வராயன் மலையில் காபி வந்து இருநூறு வருஷம் ஆகிறது. அதைக் குடிக்காதீர்கள் என்று மொத்தமாகச் சொல்ல மாட்டோம். காபி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. இரண்டு வாரம் அறவே நிறுத்துங்கள். பிறகு டிபனுக்கு அப்புறம் ஒரே ஒரு டம்ளர். எரிச்சல் திரும்பி வந்தால் காபி உங்களுக்கு ஆகாது. வராவிட்டால் நிம்மதியாகக் குடிக்கலாம், வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம்.

எங்களுக்குச் சந்தேகம் உங்கள் ராத்திரிச் சாப்பாட்டின் மேல்தான். மலைக் குளிருக்கு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குக் கம்பளிக்குள் போனால் அமிலத்துக்கு வழி திறந்துவிட்டது போலத்தான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிற்றை அழுத்தும், எரிச்சல் கூடும். பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தோள் வரை சரிவாக வருகிற மாதிரி மெத்தையை மடித்துப் போடலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பையில் தேங்கிய அமிலம் கீழேயும் உணவுக்குழாயின் வாய் மேலேயும் இருக்கும்.

தட்டுவடை செட் சாப்பிடலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிளேட், வெங்காயமும் காரச் சட்னியும் குறைத்து. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் இரண்டு செட்டும் ஒரு பன்னீர் சோடாவும் என்றால் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாளே முன்பைவிட அதிகமாக எரிகிறது. அடிமையாகிவிட்டேனா?
– வாசகி, ஆத்தூர்

இல்லை. பல மாதம் அடக்கி வைத்த பம்புகள் பூட்டு கழன்றதும் சில வாரம் கூடுதலாகச் சுரக்கும். திடீரென்று நிறுத்தாமல் 40-ஐ 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கச் சொல்வார்கள். இடையில் எரிந்தால் ஆன்டாசிட். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு வயிற்றில் ரத்தம் கசியாமலிருக்கவும் இதே மாத்திரையைக் கொடுப்பதுண்டு. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் குறைக்கவே கூடாது.

அப்பாவுக்கு 58 வயது, பிபி உண்டு. பத்து வருஷ நெஞ்செரிச்சல். இரண்டு மாதமாக இட்லிகூட நெஞ்சில் நின்று இறங்குகிறது என்கிறார். எடையும் குறைந்துவிட்டது. வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்றால் பயப்படுகிறார்.
– வாசகர், ஓமலூர்

இந்த வாரமே கூட்டிப் போங்கள். விழுங்கும்போது தடுப்பதும் காரணமில்லாமல் எடை குறைவதும் மாத்திரை மாற்றிப் பார்க்கிற விஷயமல்ல. வருஷக்கணக்கில் அமிலம் பட்ட இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். புற்றுநோயா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், காபித்தூள் நிறத்தில் வாந்தி, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இதே அவசரம்தான்.

பயத்துக்கு மருந்து, நடப்பதைச் சொல்லிவிடுவது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போக ஸ்பிரே. சுண்டுவிரல் பருமனுள்ள குழாய். வேலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். குமட்டும், ஆனால் மூச்சு அடைக்காது. குழாய் போவது உணவுப் பாதையில், மூச்சுப் பாதையில் அல்ல. சதைத் துணுக்கு எடுத்தாலும் வலிக்காது. மரப்பு தெளிந்த பிறகே தண்ணீர் கொடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ சர்க்கரை மருந்தோ போடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிபிக்கு அம்லோடிபின் என்றால் அதையும் சொல்லுங்கள். அது சிலருக்கு அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்தும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேஸா, ஹார்ட்டா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், ஏற்காடு

கிடையாது. சோடாவோ ஆன்டாசிடோ குடித்து ஏப்பம் விட்டதும் லேசானால் அது கேஸ்தான் என்று நினைப்பது ஆபத்து. நெஞ்சை அழுத்துவது, வியர்ப்பது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது, ஏறி நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைவது என்றால் உடனே 108-ஐ அழைத்து ஈசிஜி எடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் எரிச்சலும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். கீழே சேலம் வர 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.