பழைய அம்பாசிடர் நாலு நாள் நின்றால் காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்கிறது. பிடித்த பிறகு நன்றாக ஓடுகிறது. கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். பிடித்த பிறகு ஒழுங்காக ஓடும் வண்டியில் ஜெட் (பெட்ரோல் பாயும் நுண்துளை) அடைப்பைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. முதலில் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் (பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு தொட்டி) பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாலு நாள் நின்ற காலையில், செல்ஃப் அடிப்பதற்கு முன், கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் 30 மில்லி பெட்ரோல் எடுத்து, கார்புரேட்டரின் அந்த வாயில் மெதுவாகச் செலுத்துங்கள். (பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) சேம்பர் நிறைந்திருந்தால் அதற்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வ் மூடியிருக்கும், பெட்ரோல் வெளியே திரும்பிவிடும். தடையில்லாமல் உள்ளே போனால் சேம்பர் காலி. சிந்தியதைத் துடைத்து, ஹோஸை மாட்டி, சோக்கை முழுதாக இழுத்து அடியுங்கள்.

உடனே பிடித்துவிட்டால் கார்புரேட்டரில் குற்றமில்லை. கோடையில் சேம்பர் பெட்ரோல் ஆவியாவது சகஜம். ஆனால் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின் வால்வ் சரியாகப் பிடிக்காவிட்டால் லைனில் இருப்பதும் டேங்குக்கே இறங்கிவிடும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒழுகாமல் காற்றை இழுக்கும். அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும் பம்ப் டயஃப்ரத்தையும் (உள்ளே அசையும் சவ்வு) சீக்கிரம் கெடுக்கும். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக மாற்றுங்கள்.

மெக்கானிக்கல் பம்பை கேம்ஷாஃப்ட் இயக்குகிறது. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு தடவைதான் அடிக்கும். செல்ஃப் வேகத்தில் காலி லைனை நிரப்புவதற்குள் பேட்டரி தளர்ந்து ஸ்பார்க்கும் மங்கிவிடும். பம்பின் அடியில் கை லீவர் இருந்தால் அதை அடித்து நிரப்பிக்கொள்ளுங்கள். லீவர் தொளதொளவென்று இருந்தால் பம்ப் கேம்ஷாஃப்ட்டின் மேட்டில் நிற்கிறது. எஞ்சினை ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டு அடியுங்கள்.

சேம்பர் நிறைந்தும் பிடிக்கவில்லையா? ஏர் கிளீனரைக் கழற்றி, சோக் இழுக்கும்போது கார்புரேட்டர் வாயில் தகடு முழுதாக மூடுகிறதா பாருங்கள். சில சோலெக்ஸ் கார்புரேட்டர்களில் தகடே இருக்காது, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும், பக்கவாட்டில் சுழலும் டிஸ்க் ஸ்டார்ட்டர்தான் உண்டு. அதில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் அடிக்க வேண்டும். மிதித்தால் த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் திறக்கும் தகடு) கீழே வேக்குவம் குறைந்து, அந்த டிஸ்க் ஸ்டார்ட்டர் பெட்ரோலை இழுக்காது.

அதுவும் சரி என்றால் ஸ்பார்க். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் கேப் (திறந்து மூடும் தொடுமுனைகளின் இடைவெளி) 0.015 இன்ச், பிளக் கேப் 0.025 இன்ச். பாயின்ட்டில் பளிச்சென்று தீப்பொறி பறந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

சூடாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மக்கர் செய்வது வேறு நோய். சேம்பரில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கும். சோக் வேண்டாம், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி அடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள்.