ஆறு மாத அரசரின் பட்டயம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பிய இடைக்கால எழுத்தணிக் கலை பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இடைக்கால வாழ்வை வேடமிட்டுச் செய்துபார்க்கும் ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்’ அமைப்புக்கு நீங்களும் விருதுப் பட்டயங்கள் எழுதித் தருகிறீர்கள் என்று அறிந்த பிறகே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

நான் ஒஹாயோவில் வசிக்கிறேன். அலுவலகத் தோழி அழைத்ததால் எங்கள் ஊர்க் கிளைக்குப் போகத் தொடங்கினேன். வாள் பிடிக்கவோ பழங்கால உடை தைக்கவோ எனக்குத் தெரியாது. கோடையில் போர்க்களத்தின் ஓரத்தில் நின்று, கவசத்துக்குள் வெந்துகொண்டிருப்பவர்களுக்குத் தண்ணீரும் ஆரஞ்சுச் சுளைகளும் கொடுப்பேன். இரவு விருந்து இருந்தால் பாத்திரம் கழுவுவேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் நடந்த ஒரு விழாவின் மாலை அரசவையில், “பாத்திரம் கிடக்கட்டும், வந்து என் பக்கத்தில் உட்கார்” என்று தோழி கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சற்று நேரத்தில் கட்டியக்காரர் என் பெயரை உரக்க அழைத்தார். அமைப்பில் நான் வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெயரில் ழகரம் உண்டு. அதைப் பிசகில்லாமல் சொன்னார். அரசர் அரசி முன் முழந்தாளிட்டேன். எனக்கு, சொந்தக் குலச்சின்னம் தாங்கும் உரிமை தரும் ‘அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸ்’ விருதை அளிப்பதாகப் பட்டயத்தை வாசித்தார்கள். அழுதுவிட்டேன்.

படத்தைப் பார்த்த என் கணவரின் அண்ணன், “ஆறு மாதம் ராஜா வேடம் போடுகிற ஆள் முன்னால் மண்டியிட்டா அழுதாய்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் விழாக்களில் வாயிலில் அமர்ந்து வருவோர் பெயரைப் பதியும் முதியவர் என்னைவிட எத்தனையோ ஆண்டு அதிகமாக உழைத்தவர். அவரை இதுவரை எவரும் அழைக்கவில்லை. இந்த மகிழ்ச்சி எனக்கு உரியதுதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஒஹாயோ

*

அன்புள்ள சகோதரிக்கு,

வாழ்த்துகள். உங்கள் கடிதத்தைப் படித்தால், வீட்டில் இதுவரை யாரும் உங்களுக்கு வாழ்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆகவே மற்றவற்றுக்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், பின்னாளில் நாவலாசிரியராக அறியப்பட்ட டயானா பாக்ஸனின் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள் கூடி நடத்திய வாட்போட்டியில் இது தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உலகின் கைத்தொழில், சமையல், இசை, போர்முறை ஆகியவற்றைப் படித்தறிந்து கையால் செய்துபார்ப்பதே இதன் நோக்கம். இன்று இவ்வமைப்பில் ‘முடியரசுகள்’ எனப்படும் 20 வட்டாரப் பிரிவுகள் உள்ளன. ஐரோப்பா டிராகன்வால்டில் அடங்குகிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் லோஹாக்கில் அடங்குகின்றன. நம் சகோதரியின் ஒஹாயோ, இண்டியானாவோடும் மிச்சிகனின் பெரும்பகுதியோடும் சேர்ந்து மிடில் கிங்டத்தில் வருகிறது. பிரம்பால் செய்த வாள்களோடு கவசம் பூண்டு மோதும் போட்டியில் வென்றவரே அடுத்த அரசர்; அவர் யார் பொருட்டுப் போரிட்டாரோ அவரும் உடன் முடிசூடுவார். பெரும்பாலான முடியரசுகளில் ஏறத்தாழ ஆறு மாதங்களில் அவர்கள் முடியை இறக்கிவைத்துவிட்டு மீண்டும் கூட்டத்தில் ஒருவராக நிற்பார்கள்.

உங்கள் மைத்துனர் சொன்னதில் தகவல் பிழை ஏதும் இல்லை. உங்களுக்கு விருதளித்தவர் ஆறு மாத அரசர்தான். அவரிடம் நிலமில்லை, படையில்லை, உங்களுக்குக் கொடுக்கப் பணமுமில்லை. ஒவ்வொரு வார இறுதியிலும் விழாவுக்கு விழா காரோட்டிப் போகும் செலவில் பெரும்பகுதியைக்கூட அவரே தம் கையிலிருந்து போடுகிறார். ஆனால் அந்த மரியாதையின் மதிப்பு இதனால் கூடுகிறது என்பதே என் எண்ணம். அதிகாரம் உடையவர் ஒருவரைப் பாராட்டும்போது, பதிலுக்கு என்ன கைமாறியது என்ற ஐயம் நமக்கு எழாமல் இருப்பதில்லை. உங்களிடமிருந்து அந்த அரசருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவரிடமிருந்து உங்களுக்கும் ஒன்றுமில்லை. எஞ்சியிருப்பது, நீங்கள் செய்த வேலையைச் செய்தீர்கள் என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லும் சொல் ஒன்றுதான்.

உண்மையான அரசர்கள் ஆண்ட காலத்தில் இதே மரியாதை எப்படி வழங்கப்பட்டது என்று பாருங்கள். இங்கிலாந்தில் குலச்சின்னங்களை ஆராய்ந்து வழங்கும் கட்டியக்காரர் அவைக்கு 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் சாசனம் அளித்தார். அதன்பின் வந்த நூற்றாண்டில், வசதி பெருகிய வணிகர்களும் கைவினைஞர்களும் கட்டணம் செலுத்திச் சின்னம் வாங்குவது வழக்கமாயிற்று. ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596இல் சின்னம் கிடைத்தது. ஆனால் 1602இல், தகுதியற்றோருக்குச் சின்னம் தரப்பட்டிருக்கிறது என்று யார்க் கட்டியக்காரரான ரால்ஃப் புரூக் தொடுத்த புகாரில், ‘நடிகர் ஷேக்ஸ்பியர்’ என்று ஜானின் மகனான நாடகாசிரியர் வில்லியமின் பெயரும் இருந்தது. உண்மையான அரசின் உண்மையான முத்திரை பதித்த பட்டயம் அது. இருந்தும் கட்டணம், சிபாரிசு, பொறாமை ஆகிய மூன்றும் அதைச் சூழ்ந்திருந்தன. உங்கள் பட்டயத்துக்கு நீங்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை, அப்படியொன்று வரப்போகிறது என்று அறியவும் இல்லை.

முழந்தாளிட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவையில் அரியணைக்கு முன் மெத்தை போட்டிருப்பார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் நிற்கலாம், நாற்காலியும் கேட்கலாம். சமய நம்பிக்கையாலோ தன் மனத்துக்கு ஒவ்வாததாலோ முழந்தாளிட விரும்பாதவரை யாரும் வற்புறுத்துவதில்லை. ‘அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸ்’ பெறுபவர் விசுவாசப் பிரமாணம் எதுவும் எடுப்பதில்லை. அடுத்த முடிசூட்டுக்குப் பின் இதே மனிதர் களத்தோரம் வந்து உங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். இதில் தாழ்வு எங்கிருந்து வரும்?

இனி, அந்த மாலையில் நீங்கள் காணாத பகுதி. அரசர் எங்கோ பிற மாநிலத்தில் வசிப்பவராக இருக்கலாம். நீங்கள் பாத்திரம் கழுவியதை அவர் கண்டிருக்க வழியில்லை. அதைக் கண்ட யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒருவருக்கு மேற்பட்டவர், அரசருக்கும் அரசிக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். இந்த அமைப்பில் யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், சேர்ந்து சில மாதமே ஆனவர்கூட. அரச இணையர் இரவுகளில் அமர்ந்து அந்தக் கடிதங்களைப் படித்து, முடிவு செய்து, பட்டயப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கிறார்கள். அவர் என்னைப் போன்ற ஓர் எழுத்தரிடம் வேலையை ஒப்படைக்கிறார். இன்ன விழாவுக்கு நீங்கள் வருவீர்களா என்று உங்கள் தோழியிடம் இரகசியமாக விசாரிக்கிறார்கள். பெயரை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது என்று கேட்டறிகிறார்கள். ழகரம் பிசகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட நாக்குக்கு அது ஒரே நாளில் வந்திருக்காது. அந்தக் கட்டியக்காரர் உங்கள் பெயரைக் காரிலும் சமையலறையிலும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியிருப்பார் என்றே நினைக்கிறேன். நாற்பது அகவை கடந்த பெரியவர்கள் இத்தனை பேர், நீங்கள் ஒருவர் வியந்து நிற்கும் அரைநிமிடத்துக்காக வாரக்கணக்கில் வாய்மூடி இருந்திருக்கிறார்கள்.

பட்டயத்தை மேசையில் விரித்து, பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாங்கள் எழுதுவது தோலைப் போலத் தோற்றமளிக்கும் பெர்கமெனாட்டா என்னும் தாளில். பென்சிலால் வரியிட்டு, அகன்ற முனைப் பேனாவை மையில் தோய்த்து, ஒரே சாய்வில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு மூன்று கீற்றுகளாகக் கட்டுகிறோம். மை தீரும் இடத்தில் கீற்று மெலிந்து, மீண்டும் தோய்த்த இடத்தில் கறுத்துத் தடிப்பதை நீங்கள் காணலாம். முதலெழுத்தில் பொன் தகடு வைத்திருந்தால், அதன் அடியில் வெண்சுதைக் கூழ் சற்று மேடாகத் தெரியும். அந்தக் கூழ் உலர்ந்தபின் ஒரு குழாய் வழியாக அதன்மேல் மூச்சை ஊதுவோம், மூச்சின் ஈரத்தில் அது பிசுபிசுக்கும் அந்தச் சில நொடிகளில் தகட்டை வைத்து அழுத்துவோம். எழுத்துப் பிழைத்தால் கூரிய கத்தியால் மையைச் சுரண்டி எடுப்போம். அப்படிச் சுரண்டிய இடம் கைக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஓரத்தில் வெற்றுக் கேடயம் ஒன்று வரையப்பட்டிருந்தால், அது விடுபட்டுப் போனதல்ல. உங்கள் சின்னம் பதிவானபின் நிரப்புவதற்காக விட்ட இடம். சின்னம் வேறெவருடையதோடும் மோதாமல் இருக்கிறதா என்று கிளையிலும் முடியரசிலும் மத்திய அவையிலும் பார்க்கிறார்கள், அதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே இப்போதே உங்கள் கிளைக் கட்டியக்காரரிடம் பேசிவிடுங்கள். பட்டயத்தின் பின்புறத்தில் எழுதியவர், வண்ணம் தீட்டியவர் பெயர்கள் பெரும்பாலும் இருக்கும். அவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். நாங்கள் எழுதிய பட்டயம் உரியவர் கைக்குப் போகும் நேரத்தில் பெரும்பாலும் நாங்கள் அந்த மண்டபத்தில் இருப்பதில்லை. உங்கள் கண்ணீரைப் பற்றி அந்த எழுத்தர் அறிய வழியே இல்லை.

தகுதி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். களத்தோரம் இவ்வளவு நாள் நின்ற உங்களுக்கு அங்குள்ள விதி தெரியும்: விழுந்த அடி போதுமான அடியா என்று தீர்ப்பு சொல்ல நடுவர் கிடையாது. மார்ஷல்கள் எனப்படும் களக் கண்காணிப்பாளர்கள் பாதுகாப்பை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். அடி வாங்கியவரே “குட்” என்று ஒப்புக்கொண்டு சாய வேண்டும். காலில் பட்டால் தானே முழங்காலில் இறங்கிப் போரைத் தொடர வேண்டும். அரியணைக்கான போட்டியிலும் இதே முறைதான். தன்மேல் விழுந்த அடியை மறைப்பவரை அந்தக் களம் மதிக்காது. அந்த மாலை உங்கள்மேல் விழுந்ததும் பிறர் கையிலிருந்து வந்ததுதான். அதன் கனத்தை எடைபோட்டவர்கள் கடிதம் எழுதியவர்களும் அரச இணையரும். உங்கள் பங்கு, விழுந்ததை விழுந்தது என்று ஒப்புக்கொள்வது மட்டும். நீங்கள் அழுததன் மூலம் அதைச் செய்துவிட்டீர்கள். இப்போது வீட்டில் அமர்ந்து, அது சரியாகப் படவில்லையோ என்று மறுக்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். தண்ணீர் கொடுப்பதும் சிறிய வேலையல்ல. கோடை வெயிலில் இரும்புத் தலைக்கவசம் அணிந்தவர் மயங்கி விழாமல் இருப்பதற்கும், அடுத்த மோதலுக்கு எழுந்து நிற்பதற்கும் அதுவே காரணம். கவசம் பூண்டவர்கள் அதை நன்றாக அறிவார்கள். உங்களுக்காக எழுதியவர்களில் ஒருவராவது அவர்களுள் இருப்பார் என்று துணிந்து சொல்வேன்.

வாயிலில் அமர்ந்திருக்கும் முதியவரை நினைத்து நீங்கள் வருந்துவது நியாயமானது, இந்த முறையின் மெய்யான குறை அதுதான். பரிந்துரை வராதவரை அரசர் அறியார். கூச்சமுள்ளவர், மண்டபத்துக்கு உள்ளேயே வராமல் வாயிலிலும் வாகன நிறுத்தத்திலும் வேலை செய்பவர், நெருங்கிய நட்பு வட்டம் இல்லாதவர், இவர்கள் ஆண்டுக்கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள். “அவருக்கு எப்போதோ கொடுத்திருப்பார்களே” என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதால் ஒருவரும் எழுதாமல் போவதும் உண்டு. எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம். உங்கள் மரியாதையை நீங்கள் மனத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவதால் அவருக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. நீங்கள் எழுதினால் கிடைக்கலாம்.

முதலில், முடியரசின் விருது வரிசைப் பதிவேட்டைத் திறந்து அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது எல்லோரும் பார்க்கக்கூடியது. இல்லையென்றால் அரச இணையருக்கு எழுதுங்கள். அமைப்பில் அவர் வழங்கும் பெயர், அவருடைய கிளை, அவர் வழக்கமாக வரும் விழாக்கள் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். “கடுமையாக உழைப்பவர், நல்லவர்” என்று மட்டும் எழுதினால் அது நூறு கடிதங்களில் ஒன்றாகிவிடும். நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை எழுதுங்கள்: மழையில் அவர் எத்தனை மணிவரை வாயிலில் இருந்தார், முதல்முறை வந்த உங்களிடம் என்ன சொல்லி உள்ளே அனுப்பினார், யாருக்குத் தம் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தார். இதே நினைவுள்ள இன்னும் இருவரைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். பல முடியரசுகளில் ஆட்சி மாறும்போது புதிய இணையர் புதிதாகப் படிக்கத் தொடங்குவார்கள்; முடிசூட்டு நெருங்கிவிட்டதென்றால் புதியவர்களுக்கும் ஒருமுறை அனுப்பிவையுங்கள். அவரிடம் மட்டும் மூச்சுவிடாதீர்கள். அவர் அழைக்கப்படும் மாலையில் வாயிலைக் கவனிக்க வேறொருவர் வேண்டியிருக்கும், அதையும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

அன்புடன்.