ஒன்லைன் கசினோவில் 10,000 ரூபா போட்டால் இன்னும் 10,000 போனஸ் என்கிறார்கள். போனஸை வாங்கிக்கொண்டு உடனே காசை வெளியே எடுத்தால் லாபம்தானே? (கிளிநொச்சி)

உடனே எடுக்க முடியாது. அந்த 10,000 உங்கள் கணக்கில் இலக்கமாகத் தெரியும், ஆனால் அது இன்னும் காசில்லை. காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கீழே உள்ள கணக்கை ஒரு கொப்பியில் போட்டுப் பாருங்கள்.

போனஸ் அறிவிப்புக்கு அடியில் சின்ன எழுத்தில் "வேஜரிங் 35 எக்ஸ்" என்பது போல இருக்கும். போனஸைப் போல 35 மடங்கு தொகைக்கு நீங்கள் பந்தயம் வைத்து முடிக்கவேண்டும் என்பது அதன் பொருள். 10,000 போனஸுக்கு 350,000 ரூபா. அதில் "டெபொசிட் பிளஸ் போனஸ்" என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் உங்கள் சொந்தக் காசும் பெருக்கப்படும், அப்போது 700,000. இந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்க்காமல் எந்தப் போனஸையும் தொடவேண்டாம்.

இனி விலை. ஸ்லொட் (படங்கள் சுழலும் விளையாட்டு) ஒவ்வொன்றுக்கும் ஆர்டிபி என்று ஒரு வீதம் உண்டு, வைத்த காசில் சராசரியாக ஆடுபவருக்குத் திரும்பும் பங்கு அது. 96 வீதம் என்றால், சுழற்றும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 4 ரூபா கசினோவுக்கு. 350,000 ரூபாவைச் சுழற்றினால் அந்த 4 வீதம் 14,000. தந்த போனஸ் 10,000, கரைவது 14,000. உங்கள் 10,000, அவர்களின் 10,000, இரண்டும் சேர்ந்த 20,000 இல் சராசரியாக 6,000 மிச்சம். 700,000 நிபந்தனை என்றால் 28,000 கரையவேண்டும், அவ்வளவு காசு கணக்கிலேயே இல்லை.

96 என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். ஒரே பெயர், ஒரே படம் உள்ள ஸ்லொட்டைத் தயாரிப்பாளர்கள் பல ஆர்டிபியில் விற்கிறார்கள். எதைப் போடுவது என்று தெரிவுசெய்வது கசினோ. விளையாட்டைத் திறந்து உதவிப் பக்கத்தின் கடைசிவரை உருட்டினால் அந்தத் தளத்தில் ஓடும் வீதம் தெரியும். 94 என்றிருந்தால் 350,000 க்கு 21,000 போகும், 20,000 முழுதும் அதற்குள் அடங்கிவிடும்.

"ஸ்லொட் வேண்டாம், ரூலெட்டில் (இலக்கச் சக்கரத்தில் பந்து உருட்டும் ஆட்டம்) சிவப்புக் கறுப்பு வைத்து மெதுவாக முடிப்பேன்" என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். விதிகளில் பங்களிப்பு அட்டவணை ஒன்று இருக்கும், எந்த ஆட்டத்தில் வைத்த காசில் எவ்வளவை அந்த 350,000 க்குள் எண்ணுவார்கள் என்பது அதில் இருக்கும். ஸ்லொட்டுக்கு 100 வீதம் எண்ணினால், ரூலெட்டுக்கும் பிளக்ஜக் என்ற சீட்டாட்டத்துக்கும் பல தளங்களில் 10 வீதம்தான் எண்ணுவார்கள், சில தளங்களில் பூச்சியம். 10 வீதம் என்றால் 350,000 ஐ முடிக்க 35 இலட்சம் ரூபா சுழற்றவேண்டும். ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் 37 இலக்கம், கசினோவுக்கு 2.7 வீதம். 35 இலட்சத்தில் அது 94,000 ரூபாவுக்கு மேல். சிவப்பிலும் கறுப்பிலும் ஒரேயடியாக வைத்து நட்டமில்லாமல் ஓட்டலாம் என்றால், அதை "ஒழுங்கற்ற ஆட்டம்" என்று எழுதி வைத்திருப்பார்கள். வென்றதெல்லாம் ரத்து.

மிக அதிகம் பேர் விழும் இடம் உச்சப் பந்தயம். போனஸ் ஓடும்போது ஒரு சுழற்றலுக்கு 5 யூரோவுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது போன்ற விதி பெரும்பாலும் உண்டு. பல தளங்கள் மீறும்போது தடுக்காது, எச்சரிக்கையும் காட்டாது. காசு எடுக்கக் கேட்கும் நாளில்தான் பழைய பதிவைத் தோண்டி, ஒரு சுழற்றலைக் காட்டி முழு வெற்றியையும் அழிப்பார்கள். ஸ்லொட்டுக்குள் விசேட சுற்றைக் காசு கொடுத்து வாங்கும் பொத்தான் இருக்கிறதே, அதை அமத்தினாலும் பெரும்பாலும் இதே விதிக்குள் மாட்டும்.

காலக்கெடுவும் உண்டு, 7 நாளிலிருந்து 30 நாள் வரை. 7 நாள் என்றால் நாளுக்கு 50,000 ரூபா, 100 ரூபாப் பந்தயத்தில் நாளுக்கு 500 சுழற்றல். தோட்டம் வயல் பார்க்கிற ஒருவர் இரவில் நித்திரையை விட்டுத்தான் இதைச் செய்யவேண்டும், களைத்த கண்ணோடுதான் பந்தயத்தைக் கூட்டுவதும் நடக்கிறது. இலவசச் சுழற்றலில் வென்றதும் போனஸ் கணக்கில்தான் விழும், அதற்கும் மடங்கு. காசு போடாமல் கிடைக்கும் போனஸுக்கு, எவ்வளவு வென்றாலும் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற மேல்வரம்பு இருக்கும்.

எல்லாம் தாண்டி காசு எடுக்கப் போனால் அடையாளச் சோதனை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இங்கே தனிச் சிக்கல். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே இல்லை. வங்கிப் புத்தகத்தில் பெயர் ஒரு எழுத்துக்கூட்டலில், கடவுச்சீட்டில் இன்னொன்றில். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி. முகவரிக்குக் கரண்ட் பில் கேட்பார்கள், அது தகப்பன் பெயரிலோ மாமன் பெயரிலோ இருக்கும். காசு வாங்கும்போது இவை எதையும் கேட்காத தளம், கொடுக்கும்போது ஒரு எழுத்துக்காக நிறுத்தும். அந்தக் காத்திருப்பு நாட்களில் "எடுத்தலை ரத்துசெய்" என்ற பொத்தான் கண் முன்னால் இருக்கும். பலரின் காசு அந்தப் பொத்தானால்தான் திரும்ப விளையாட்டுக்குள் போகிறது.

கணக்கு டொலரில் என்றால் போகும்போது வங்கியின் விற்பனை விகிதம், வரும்போது கொள்வனவு விகிதம், இடையில் கட்டணம். டெலிகிராம் ஏஜென்ட் மூலம் போட்டால் அவர் விகிதம் அதைவிட மோசமாக இருக்கலாம். போனஸ் கோட் அனுப்புகிற ஆளுக்கு வருமானம் எங்கிருந்து என்றும் கேளுங்கள். இந்தத் தொழிலில் வழமையான ஒப்பந்தம் ஒன்று, அவர் சேர்த்துவிட்டவர்கள் தோற்கும் காசில் ஒரு பங்கு. அந்த ஒப்பந்தம் என்றால், உங்களைத் "தம்பி" என்று அழைத்துக் கோட் தருகிறவருக்கு நீங்கள் வென்றால் ஒன்றும் கிடைக்காது.

இதை எழுதும்போது நெல் விற்கிற களம்தான் ஞாபகம் வருகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று வாயால் ஒரு விலை. தராசு வைத்ததும் சாக்குக்கு என்று ஒன்றிரண்டு கிலோ, ஈரத்துக்கு என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். வெறும் பொலிசாக்கு கால் கிலோகூட வராது! நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனுக்கு மேல் எடுக்காது, காயவைக்கத் தளம் இல்லாதவர் ரோட்டில் பரப்பி வானத்தைப் பார்க்கவேண்டும், மழை இருண்டால் வந்து நிற்கும் லொறிக்கே கொடுக்கவேண்டும். ஆறு மாதம் உழைத்தவனிடம் கழிவை முதலே சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"என் நண்பன் போனஸில் ஒரு இலட்சம் எடுத்தான்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எடுத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. 4 வீதம் என்பது சராசரி, சிலர் மேலே போவார்கள். வென்றவர் ஸ்கிரீன்ஷொட் போடுவார், தோற்றவர் அறுவடைக் காசு எங்கே என்று மனைவிக்கே சொல்லமாட்டார். ஒழுக்கம் போதிக்கிறேன் என்றும் நினைக்கவேண்டாம், கேட்டவர் லாபமா என்று கேட்டார், நான் லாபக் கணக்கைச் சொல்கிறேன். லண்டனில் உள்ள சொந்தக்காரர் "இங்கே போனஸ் நல்லது" என்றால் அதற்கும் காரணம் உண்டு. பிரித்தானியாவில் 2026 ஜனவரி 19 முதல் 10 மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது, கடன் அட்டையில் சூதாடுவதும் 2020 ஏப்ரல் 14 முதல் தடை. உங்கள் போனுக்கு வரும் தளம் பெரும்பாலும் குராசா, அஞ்சுவான் போன்ற தூரத்துச் சின்னத் தீவுகளில் அனுமதி எடுத்ததாக இருக்கும், லண்டன் விதி அதைக் கட்டுப்படுத்தாது. காசைத் தராவிட்டால் கிளிநொச்சிப் பொலிசில் முறையிட்டு அதை மீட்பது நடக்கிற காரியமில்லை.

ஏற்கனவே காசு போட்டுவிட்டீர்கள் என்றால்: ஒரு சுழற்றலும் செய்யாமல் லைவ் சட்டில் (தளத்தின் ஆட்களோடு எழுதிப் பேசும் இடம்) "போனஸை நீக்குங்கள், என் டெபொசிட் மட்டும் போதும்" என்று எழுதிக் கேளுங்கள், பதிலைப் படமெடுங்கள். போனஸ் இல்லாமலும் போட்ட காசை ஒரு தடவையாவது சுழற்றச் சொல்லும் தளங்கள் பல, சில மூன்று தடவை கேட்கும். அது எவ்வளவு என்று அதே சட்டில் கேளுங்கள். அடையாளப் பத்திரங்களை அன்றைக்கே ஏற்றுங்கள். காசு வங்கிக்கு வரும்வரை செயலியைத் திறக்கவேண்டாம்.

ஏஜென்ட் "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் தா, கொமிசன் தருகிறேன்" என்றால் கொடுக்கவே கூடாது. முன்பின் தெரியாதவர்களின் காசு உங்கள் பெயரில் ஓடும். 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணைக்குப் போகவேண்டியவர் கணக்குச் சொந்தக்காரர், உரமானியம் விழுவதும் அதே கணக்கென்றால் அதுவும் சேர்ந்து முடங்கலாம். விட முடியாமல் தவிக்கிறீர்கள் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலேயே பேசலாம்.