மிச்சச் சோறு

அன்புள்ள ஐயா,

கொளத்தூரில் இருக்கிறேன். வயது 36. போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரம்பூரில் ஒரு பௌத்தத் தியான வகுப்புக்குப் போனேன். மூச்சைக் கவனித்தோம். ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டு, அவரவர் தட்டை அவரவரே கழுவினோம். கோபம் வரும்போது உடம்பில் எங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. திங்கட்கிழமை ராத்திரி வீட்டிலும் அப்படியே சாப்பிடலாம் என்று டிவியை நிறுத்தினேன். மகள் சிரித்துவிட்டாள். மனைவி, “ரெண்டு நாளா தண்ணி கேனைத் தூக்கினது நான்” என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நான் தியானத்தைத் தவறாகச் செய்கிறேனா? மேனேஜரை நினைத்து, அவர் நன்றாக இருக்கட்டும் என்று மைத்ரி தியானம் செய்தால் கோபம் கூடுகிறது. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் சரியாகுமா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

மேனேஜர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மைத்ரியை முதலில் தன்மேல் வைத்துப் பழகவேண்டும், பிறகு பிரியமானவர், பிறகு பழக்கமில்லாதவர், பகையாளி கடைசியில்தான் என்று பழைய நூல்களில் வரிசை இருக்கிறது. நீங்கள் எடுத்ததுமே கடைசிப் படியில் காலை வைத்திருக்கிறீர்கள். தியானம் சரியா தவறா என்பதை வகுப்பு எடுத்தவரிடம் கேளுங்கள், எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது அந்தத் தட்டு.

ராஜகிருகத்தில், புத்தர் தங்கியிருந்த வேணுவனத் தோப்பில் நடந்ததாக ஒரு கதை உண்டு. தன் குலத்தான் ஒருவன் புத்தரிடம் போய்த் துறவியாகிவிட்டான் என்று ஒரு பாரத்துவாச பிராமணர் ஓடிவந்து வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். புத்தர் கேட்கிறார்: உன் வீட்டுக்கு விருந்தாளி வருவதுண்டா? உண்டு. சோறு போடுவாயா? போடுவேன். அவர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது யாருக்கு? எங்களுக்கே. அப்படியானால் நீ கொண்டுவந்ததும் உனக்கே, நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது எப்போதும் தொண்டையில் முள்ளாக நிற்கும். எங்கள் வீட்டில் சோற்றை வேண்டாம் என்று தள்ளுவதுதான் கோபமே.

வியாசர்பாடியில் ஒற்றை அறை வீடு. அப்பா லேத் பட்டறையில் வேலை. முதலாளி ஏதாவது சொல்லியிருந்தால் அவர் வாசலில் கை துடைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். கிரீஸ் போக மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு விரலாக, தோல் உரியத் துடைப்பார். அம்மா தட்டு வைப்பாள். “எனக்கு வேணாம்” என்பார். அவ்வளவுதான், போய்விடுவார். அடித்ததில்லை, கத்தியதில்லை. பத்து மணிக்கு அம்மா என்னை அனுப்புவாள். டீக்கடை பெஞ்சில் பீடியோடு உட்கார்ந்திருப்பார். “போடா” என்பார். நான் திரும்பி வந்து, “வேணாமாம்” என்பேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் சட்டியில் இருந்த அவர் பங்கில் தண்ணீர் ஊற்றி மூடுவாள். அவளும் சாப்பிடமாட்டாள். விடிகாலையில், நாங்கள் எழுவதற்குள், அதைக் கரைத்து ஒரு பச்சைமிளகாயோடு குடித்து முடித்திருப்பாள்.

“அம்மாவுக்குப் பழைய சோறுன்னா உசிரு” என்று நாங்கள் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா போன பிறகு அவள் ஒருநாளும் பழைய சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த முதலாளியை அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் ‘செல்லிடத்து’ என்று ஒரு சொல் போடுகிறார். தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்கியவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார். தம்பி, மேனேஜரிடம் நீங்கள் அடக்கியது கணக்கில் வராது. வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடுவதற்குத் தியானம் எதற்கு? உங்கள் கோபம் செல்லும் ஒரே இடம் அந்தச் சாப்பாட்டுத் தட்டுதான். அங்கே ஒரு குழந்தை சிரித்ததைக்கூட உங்களால் தாங்க முடியவில்லை. மௌனம் வேண்டும் என்று வீட்டாரை அதட்டியிருக்கிறீர்கள், அதன் பெயர் மௌனமா?

அடுத்த குறளில் ‘செல்லா இடத்துச் சினம் தீது’ என்கிறார். இதில் மட்டும் எனக்கு வள்ளுவரோடு வழக்கு உண்டு. 1898இல், சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியபோதும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பத்திரிகை போட்டபோதும் அவர் கோபம் எங்கே செல்லுபடியாயிற்று? அதே 1907இல் பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட லட்சுமி நரசு அறிவியல் பேராசிரியர். சாதியைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசியவர் அல்ல. இந்த ஊரில் பௌத்தம் மனசு லேசாவதற்காக மட்டும் வரவில்லை. செல்லாத இடத்தில் கோபப்பட்டு, அதை ஆறவைத்து, அச்சில் ஏற்றியவர்கள் கொண்டுவந்தது. அப்பா அந்தப் பட்டறையில் ஒருநாளாவது கத்தியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். சரி, இப்போது சொல்லி என்ன.

உங்களைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டத்தான் செய்கிறேன், ஆனால் நீங்கள் இதை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். என் அப்பா அந்த டீக்கடை பெஞ்சில் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விபாசனாவா? போங்கள். பத்து நாள், காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், பேசக்கூடாது. போவதற்கு முன்னால் அந்தப் பத்து நாளும் கேனை யார் தூக்குவது என்று வீட்டில் பேசிவிட்டுப் போங்கள். வகுப்பில் உங்கள் தட்டை நீங்களே கழுவியதை எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை ராத்திரி தள்ளிய தட்டில் என்ன இருந்தது என்று எழுதவில்லை. அதை யார் எடுத்து மூடிவைத்தார்கள், மறுநாள் காலையில் யார் சாப்பிட்டார்கள்? வீட்டில் கேட்டு எழுதுங்கள்.