மெசினை வீட்டிலேயே விட்டுவிட்டு வாங்க

கேள்வி: மருதமுனைக் கைத்தறித் துண்டுகளில் பையும் பென்சில் உறையும் தைத்துக் கைப்பணிச் சந்தையில் விற்கிறேன். போன முறை, வருகிறவர்களும் தைத்துப் பார்க்கட்டும் என்று மெசினைக் கொண்டுபோனேன். ஒரே நெரிசல், ஒரு பிள்ளை ஊசிக்கடியில் விரலை வைக்கப் பார்த்தது, வியாபாரமும் நடக்கவில்லை. இனி விற்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, ஆரையம்பதி

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. சொல்லிக்கொடுத்ததில் பிழையில்லை, மெசின்தான் பிழை. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காரலாம், மற்றவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கை ஊசி என்றால் ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் இருக்கலாம்.

உங்களிடம் இருப்பது கைத்தறித் துணி, ஊசியைத் தொடமுன்பே அதில் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்தில் துண்டுகளை நூல் ஓடும் திசைக்கு நேராக வெட்டிக்கொண்டு போங்கள் (கோணலாக வெட்டினால் குஞ்சம் சரிவராது), வருகிற பிள்ளையிடம் ஓரத்திலுள்ள ஊடு நூலை (குறுக்கே ஓடும் நூல்) ஒவ்வொன்றாக உருவச் சொல்லுங்கள். கொஞ்ச நூல் போனதும் நெடுக்கே ஓடும் பாவு நூல் மட்டும் குஞ்சமாகத் தொங்கும், துணி எப்படி நெய்யப்படுகிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம், அதன் விரலுக்கே தெரிந்துவிடும். அப்புறம் நடுவால் ஒரு வரி ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுப்பது), புத்தகத்துக்குள் வைக்கிற அடையாளத் துண்டு தயார். சின்னப் பிள்ளைகளுக்குச் சணல் சாக்குத் துணியும், முனை மழுங்கிய, பெரிய காதுள்ள ஊசியும் கொடுங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். முதல் நாள் இரவே எல்லா ஊசியிலும் நூலைக் கோத்து வைத்துவிடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவர்கள் தைத்ததைத் திருத்தாதீர்கள். முன்பு ஒரு சந்தையில் ஏழெட்டு வயதுப் பிள்ளை தைத்த வரி வளைந்துபோயிருக்க, நல்லது செய்கிறேன் என்று நினைத்து அதைப் பிரித்து நேராகத் தைத்துக் கொடுத்தேன். பிள்ளை துண்டை மேசையிலேயே வைத்துவிட்டுத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் துண்டு இன்னும் என் தையல் பெட்டிக்குள் கிடக்கிறது. "நல்லா வந்திருக்கு மனே" என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.

சரி, வியாபாரம். காசு வாங்குவதையும் கற்றுக்கொடுப்பதையும் ஒருவரே பார்க்க முடியாது, மச்சாளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள். தானே ஒரு வரி தைக்கப் பத்து நிமிடம் பாடுபட்டவர், உங்கள் பையைப் புரட்டி உள்தையலைப் பார்ப்பார், "ஏன் இவ்வளவு விலை" என்று கேட்க மாட்டார். வாங்காமல் போனாலும் முகம் சுளிக்க வேண்டாம், அடுத்த சந்தையில் தேடி வருவார்.

கச்சான் காற்றுக் காலமென்றால் துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், சந்தை மணலில்தான் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரியும்.