வீட்டிலேயே கார் கீறல் நீக்குவதும் பாலிஷ் போடுவதும்: கேள்வி பதில்

கீறல், உரசல், பாலிஷ் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் தகட்டுக்கு மேல் பிரைமர், அதன் மேல் கலர், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனி பெயின்ட்டில் இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். நாம் பார்க்கிற பளபளப்பு முழுக்க அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. தேய்க்கும்போதெல்லாம் அது கொஞ்சம் குறையும், திரும்ப வளராது. அதனால் எந்த வேலையையும் மென்மையான பொருளில் ஆரம்பியுங்கள். போகவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் உரசிவிட்டது. சாம்பல் நிறக் கார், இடது பின் கதவில் மஞ்சளாக ஒரு பட்டை. பெயின்ட் போய்விட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். பெரும்பாலும் உங்கள் பெயின்ட் போயிருக்காது, தூணின் பெயின்ட் வந்து ஒட்டியிருக்கும். முதலில் கதவை ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் ஆறவிடுங்கள். வெயிலில் சூடான தகட்டில் எந்த வேலையும் வேண்டாம். பிறகு அந்தப் பட்டையின் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் அது வெளிப் பெயின்ட்.

தூணுக்கு அடிப்பது பெரும்பாலும் சாதாரண எனாமல். கம்பெனியில் சூடேற்றி இறுக வைத்த கிளியர் கோட் அளவுக்கு அது உறுதியானதில்லை. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துப் பட்டையின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து துடைத்துப் பாருங்கள். மருந்துக் கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையிலோ கிடைக்கும். அதில் அசையவில்லை என்றால் தார் எடுக்கும் திரவம் அல்லது டபிள்யூடி-40. எதைத் தடவினாலும் வேலை முடிந்ததும் ஷாம்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

இன்னும் மிச்சம் இருந்தால் ரப்பிங் காம்பவுண்ட், அதாவது மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கும் பசை. பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பட்டியோ ரப்பரோ இருந்தால் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். காம்பவுண்ட் அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறையாக நின்றுவிடும், எடுப்பது பெரிய பாடு. ஃபோம் பேடில் பட்டாணி அளவு எடுத்து, ஒரு சாண் இடத்தில் மட்டும், மிதமாக அழுத்தித் தேய்க்கவும். முதலில் கொழகொழவென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் மெலிந்து கண்ணாடி போல ஆகும். அப்போது நிறுத்திச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, துணியைப் பாருங்கள். மஞ்சள் வந்திருந்தால் வேலை நடக்கிறது. சாம்பல் நிறம் வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள், கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். (கிளியர் கோட் இல்லாத பழைய கார்களில் துணியில் காரின் நிறம் வருவது இயல்பு. அது வேறு கணக்கு.) போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மிச்சக் கோடுகள் தெரியும். காம்பவுண்ட் தேய்த்த இடம் லேசாக மங்கலாக இருக்கும், அதற்கு நைசான பாலிஷ். கடைசியாக வாக்ஸ், அதாவது மேலே பூசும் மெழுகு.

கேள்வி (சேலம்): சார், கீறல் ஆழமா மேலோட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் கிளியர் கோட்டோடு நின்ற கீறல், பாலிஷில் பெரும்பாலும் சரியாகும். ஈரத்திலும் அப்படியே தெரிந்தாலோ, நகம் குறுக்கே ஓடும்போது சிக்கி நின்றாலோ, எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஓரங்களைக் கொஞ்சம் மழுக்கி, கண்ணுக்குக் குறைத்துக் காட்டலாம். உள்ளே வேறு நிறம் தெரிந்தால் டச்-அப் (கீறல் உள்ள இடத்தில் மட்டும் தொட்டு வைக்கும் பெயின்ட்) அல்லது முழுப் பெயின்ட் வேலைதான்.

கேள்வி (திருப்பூர்): தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைகிறது. பல் பேஸ்ட்டும் நல்லது என்கிறார்களே?

பதில்: எண்ணெய் செய்வது மேலே சொன்ன தண்ணீர் செய்வதைத்தான். பள்ளத்தை நிரப்பி, ஒளி சிதறாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு முறை கழுவினால் கீறல் திரும்ப வந்துவிடும், அதற்குள் தூசியும் ஒட்டியிருக்கும். பல் பேஸ்ட்டில் தேய்க்கும் துகள் உண்டு, ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. துகள் எவ்வளவு நைசு என்பது பேஸ்ட்டுக்குப் பேஸ்ட் மாறும். கறுப்புக் காரில் தேய்த்தால் கீறலைச் சுற்றி மங்கலான திட்டு விழும். பாலிஷ் பாட்டில் வாங்குங்கள், வருடக்கணக்கில் வரும்.

கேள்வி (மாதவரம்): கதவில் ஒட்டிய வெளிப் பெயின்ட், தின்னர் போட்டால் ஒரே துடைப்பில் போய்விடும் என்று பெயின்டர் சொன்னார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கம்பெனி பெயின்ட் ஒரு துடைப்பைத் தாங்கலாம். ஆனால் அந்தக் கதவு முன்பு ரீபெயின்ட் ஆனதா என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ரீபெயின்ட் ஆன இடம் சுருங்கிவிடும், ஹெட்லைட் பிளாஸ்டிக் பால் போல வெளுத்துவிடும்.

கேள்வி (அண்ணா நகர்): வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத கறுப்புக் கார். எங்கும் மோதவில்லை. ஆனால் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். ஏன்?

பதில்: துடைப்பதால் வந்தது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. நம் ஊரில் கார்கள் மோதிக் கெடுவதைவிடத் துடைத்துக் கெடுவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. ராத்திரி படிந்த தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது, அது கிளியர் கோட்டைவிடக் கடினம். காலையில் பல கார்களைத் துடைத்த அதே துணியை, அதே பக்கெட் தண்ணீரில் முக்கிப் பானெட்டில் இழுத்தால் அந்த மணல்தான் தேய்க்கிறது. வட்டமாகத் தெரிவதுகூடக் கண்ணின் வேலை. கோடுகள் எல்லாத் திசையிலும் இருக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்கே உள்ளவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வட்டம் போலத் தோன்றும்.

துடைக்க வரும் தம்பியைத் திட்டாதீர்கள். உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள், தினமும் துடைக்க வேண்டாம், கண்ணாடி மட்டும் போதும் என்று சொல்லுங்கள். வாரம் ஒரு முறை முதலில் வெறும் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிட்டு, ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் அலசும் தண்ணீர் வைத்துக் கழுவினாலே புதுக் கோடுகள் மிகவும் குறைந்துவிடும். பழைய கோடுகளுக்கு நைசான பாலிஷ் போதும், காம்பவுண்ட் தேவையில்லை. ஆனால் துடைக்கும் முறையை மாற்றாமல் பாலிஷ் போடாதீர்கள். மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும், படலமும் குறைந்திருக்கும்.

கேள்வி (கோவை): ட்ரில் மெஷினில் ஃபோம் பேடு மாட்டி பாலிஷ் போடலாமா அண்ணா?

பதில்: அது ஒரே இடத்தில் சுற்றும். அரை நிமிடம் நின்றாலே சூடேறும். பானெட் விளிம்பு, கதவு மடிப்பு போன்ற இடங்களில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், கண் முன்னாலேயே பிரைமர் தெரிந்துவிடும். மெஷின் வாங்குவதென்றால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்குங்கள். சுற்றிக்கொண்டே ஆடுவதால் சூடு குறைவு, பழகாத கைக்கும் அடங்கும். ஒரு கதவுக்காக என்றால் கையே போதும்.

கேள்வி (தூத்துக்குடி): பைக் ஹேண்டில் கிழித்து ஃபெண்டரில் தகடு தெரிகிறது. இன்ஷூரன்ஸில் செய்யட்டுமா, பாலிஷ் போட்டுப் பார்க்கட்டுமா?

பதில்: இதில் பாலிஷுக்கு வேலையே இல்லை. கடல் காற்று ஊர், தகடு தெரிந்தால் துரு சீக்கிரம் பிடிக்கும். இன்றைக்கே கழுவிக் காயவைத்து, ஆல்கஹாலால் துடைத்து, டச்-அப் பெயின்ட் வையுங்கள். காரின் கலர் குறியீடு கதவுத் தூணிலோ இன்ஜின் பக்கத்திலோ உள்ள தகட்டில் இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள். தடிமனாக ஒரே தடவையாக அப்பாமல், மெல்லிசாக இரண்டு மூன்று முறை, நடுவில் காயவிட்டு வையுங்கள். இதே கீறல் பிளாஸ்டிக் பம்பரில் என்றால் துரு பயமில்லை, நிதானமாகச் செய்யலாம்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடத்துக்கு 50 சதவீதம் வரை நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி கிடைக்கும், அதுவும் ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) பிரீமியத்தில். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். வெளியே பெயின்ட் அடிக்க என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (மதுரை): ஆயுத பூஜைக்கு பானெட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துவிட்டன. வெள்ளைக் கார். கறை போகுமா?

பதில்: போகும் சகோதரி. நகத்தால் சுரண்ட வேண்டாம், காய்ந்த சந்தனத்தில் பொடி இருக்கிறது, கீறிவிடும். ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டுக் கழுவுங்கள். மஞ்சள் சாயல் நின்றால் நாலு நாள் வெயில் பட்டாலே மஞ்சள் வெளுத்துவிடும். குங்குமச் சிவப்பு நின்றால் நைசான பாலிஷ் ஒரு கை. அடுத்த வருடம் முன் கண்ணாடியில் பொட்டு வையுங்கள், கறை பிடிக்காது.

கேள்வி (ஆவடி): போர் தண்ணீரில் கழுவுகிறோம். வெள்ளைப் புள்ளிகள் போகவே இல்லை.

பதில்: தண்ணீரில் உள்ள கால்சியம் உப்பு. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், ஓரிரு நிமிடம் துணியால் ஒற்றி வைத்துக் கழுவுங்கள். அப்புறமும் இருந்தால் பெயின்ட்டை அரித்துவிட்டது, பாலிஷ் தேவை. இனிமேல் கழுவியதும் காயவிடாமல் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். காக்கை எச்சத்துக்கும் இதே அவசரம் வேண்டும். ஒரு வெயில் பட்டாலே தடம் விழும்.

கேள்வி (திருச்சி): மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயின்ட்) காருக்கு எந்த பாலிஷ் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் மினுமினுக்கும், திருப்ப முடியாது.

கேள்வி (வேலூர்): போன வாரம்தான் ஒரு கதவுக்கு ரீபெயின்ட் செய்தோம். வாக்ஸ் எப்போது போடலாம்?

பதில்: குறைந்தது ஒரு மாதம் விடுங்கள், இன்னும் கூடுதலாக விட்டாலும் நல்லதுதான். தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளேயிருந்து கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வாக்ஸ் அதை அடைத்துவிடும். அதுவரை அந்தக் கதவை வெறும் தண்ணீரிலோ மென்மையான ஷாம்பு போட்டோ கழுவினால் போதும். துணிக் கவர் போட்டு மூடவும் வேண்டாம்.